மகப்பேறு செவிலியர் ஆக விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிளஸ் 2 தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் தொடங்கி ஆடி பிறக்கும் வரை, என் வீட்டுத் திண்ணையில் யாராவது ஒரு தாயும் மகளும் மதிப்பெண் பட்டியலோடு உட்கார்ந்திருப்பார்கள். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், பிறகு ஒரு பெரிய மருத்துவமனையின் பிரசவ அறையிலுமாக 26 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். கேட்கிறவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதால், அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன்.

நர்ஸ் வேலை வேறு, பிரசவம் பார்ப்பது வேறு இல்லையா? இரண்டுக்கும் ஒரே படிப்பா?

நம் நாட்டில் இரண்டும் சேர்த்தே கற்பிக்கப்படுகின்றன. பட்டயப் படிப்பையோ பட்டப் படிப்பையோ முடித்துத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்கிறவருக்குச் செவிலியர், தாதி (பிரசவம் பார்ப்பவர், மிட்வைஃப்) என்று இரட்டைப் பதிவு கிடைக்கிறது. பெயருக்குப் பின்னால் ஆர்.என்., ஆர்.எம். என்று போட்டுக்கொள்வது அதனால்தான். இந்தப் பதிவு முறைக்கு அடிப்படையான சட்டம் சென்னை மாகாணத்தில் 1926-லேயே வந்துவிட்டது.

என் பாட்டி காலத்தில் ஊருக்கு ஒரு மருத்துவச்சி இருந்தார். குழந்தை குறுக்கே கிடப்பதை வயிற்றைத் தொட்டே சொல்லிவிடும் கைகள் அவருடையவை. ஆனால் இரத்தப்போக்கு நிற்காவிட்டால் கொடுக்க அவரிடம் மருந்தும் இல்லை, அனுப்பி வைக்க வண்டியும் இல்லை. அந்தக் கையின் அறிவையும் இன்றைய மருத்துவத்தையும் ஒருசேரக் கற்றுக்கொண்டவரே மகப்பேறு செவிலியர் என்பது என் எண்ணம்.

ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் சேர்ப்பது?

ஏ.என்.எம். என்பது இரண்டாண்டுத் துணைச் செவிலியர் பயிற்சி. பெண்களுக்கு மட்டுமே உரியது. முடித்தவர்கள் பெரும்பாலும் கிராம சுகாதார செவிலியர் பணியை நோக்கியே போகிறார்கள். இவர்களுக்கான பதிவு தனி வகையானது; மேலே சொன்ன இரட்டைப் பதிவு ஆகாது. ஜி.என்.எம். மூன்றாண்டுப் பட்டயம், பி.எஸ்சி. நர்சிங் நான்காண்டுப் பட்டம். பட்டயம் முடித்தவர்கள் பிறகு இரண்டாண்டு போஸ்ட் பேசிக் படிப்பின் மூலம் பட்டமும் பெறலாம்.

வீட்டு நிலைமை இடம் கொடுக்குமானால் பி.எஸ்சி. படிக்கச் சொல்வேன், ஆசிரியர் பணி, மேற்படிப்பு, வெளிநாடு ஆகிய வழிகள் அதில் அகலமாகத் திறக்கின்றன. ஆனால் பிரசவ அறையில் பட்டயம் படித்தவரின் கைக்கும் பட்டம் பெற்றவரின் கைக்கும் நான் வேறுபாடு கண்டதில்லை. எங்கே பழகினார்கள், எத்தனை தாய்மாரோடு விழித்திருந்தார்கள் என்பதே வேறுபாட்டை உண்டாக்கியது.

என் மகள் காமர்ஸ் குரூப். சேர்ப்பார்களா? நீட் எழுத வேண்டுமா?

பி.எஸ்சி. நர்சிங் படிக்க இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றைப் படித்து, 45 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40 விழுக்காடு போதும். ஆகவே வணிகவியல் படித்தவர்களுக்கு அந்த வழி இல்லை. ஏ.என்.எம். பயிற்சிக்குக் கலை, வணிகப் பிரிவினரையும் சேர்க்க இந்திய நர்சிங் குழுமத்தின் விதிகள் இடம் தருகின்றன. ஜி.என்.எம். படிப்புக்கு ஆங்கிலத்தோடு 40 விழுக்காடு என்பதே அகில இந்திய வரையறை. எனினும் அறிவியல் பிரிவுக்கே முன்னுரிமை என்பதால், விண்ணப்பிக்கும் பள்ளியின் அந்த ஆண்டு விளக்கக் குறிப்பேட்டைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். வயது குறைந்தது 17 நிறைந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை. மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு, பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு நடத்துகிறது. விண்ணப்ப நாளைத் தவறவிட்டு, ஓராண்டை வீணாக்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தனியார் கல்லூரி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தோம், கட்டடம் நன்றாக இருக்கிறது. வேறு என்ன கேட்க வேண்டும்?

கட்டடத்தைப் பார்த்தீர்கள், பிரசவ அறையைப் பார்த்தீர்களா? நான் எல்லாரிடமும் முதலில் கேட்பது இதைத்தான். மாணவிகளை எந்த மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள், அங்கே ஒரு மாதத்தில் எத்தனை பிரசவங்கள் நடக்கின்றன, அவற்றில் சுகப்பிரசவம் எத்தனை, ஒரே நேரத்தில் எத்தனை கல்லூரி மாணவிகள் அங்கே நிற்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு கட்டிலைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் நின்றால் பத்துப் பேர் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்க்க முடியும். தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனை போன்ற பெரிய அரசு மகப்பேறு மருத்துவமனைகளில் பயிற்சி பெறும் வாய்ப்புள்ள கல்லூரியாக இருந்தால், அதையே பெரிய தகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மாணவி தன் கையால் பார்த்த ஒவ்வொரு பிரசவத்தையும் எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கும் குறிப்பேடு ஒன்று உண்டு. மூத்த மாணவி ஒருத்தியிடம் அதைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண், பார்க்காத பிரசவங்களைப் பார்த்ததாக நிரப்பச் சொன்ன ஒரு பள்ளியில் படித்துவிட்டு வந்தாள். சான்றிதழ் இருந்தது, பனிக்குடம் உடைந்தால் முதலில் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க வேண்டும் என்பது தெரியவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று ஆண்டும் அவள் குடும்பத்தின் பணமும் அங்கேதான் போயிருந்தன.

மாநிலக் குழுமத்தின் அங்கீகாரமும், பட்டப் படிப்பானால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆறு மாதத்தில் நர்ஸ், ஓராண்டில் வேலை என்று பேருந்து நிறுத்தத்தில் ஒட்டப்படும் விளம்பரங்கள் எதுவும் உங்களைக் குழுமப் பதிவுக்குக் கொண்டு சேர்க்காது. பதிவு இல்லாதவர் செவிலியராகப் பணியாற்ற முடியாது.

இரத்தத்தைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வரும். என்னால் முடியுமா சிஸ்டர்?

முதல் பிரசவத்தைப் பார்த்தபோது நானும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். எங்கள் வார்டு சிஸ்டர் என்னை வெளியே அனுப்பவில்லை. அந்தத் தாயின் தலைமாட்டுக்கு இழுத்து, அவள் கையை என் கையில் வைத்து, "இவளோட சேர்ந்து மூச்சு விடு" என்றார். மூச்சை எண்ணிக்கொண்டிருந்ததில் மயக்கம் போன இடம் தெரியவில்லை. இரத்தம் சில வாரங்களில் பழகிவிடும். பிறர் வேதனைப்படும்போது எரிச்சல் வருகிற சுபாவம் இருந்தால் மட்டும் யோசித்துச் சேருங்கள்.

டாக்டர்தானே பிரசவம் பார்க்கிறார்? நர்ஸ் கூடமாட நிற்பதுதானே?

ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடக்கும் சுகப்பிரசவங்களில் பெரும்பாலானவற்றைப் பார்ப்பவர்கள் செவிலியர்களே. தமிழ்நாட்டில் ஒரு நிலையத்துக்கு மூன்று செவிலியர் என நியமித்து, முறை வைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு வந்த பிறகு, இரவு இரண்டு மணிக்கு வலி எடுத்து வருகிற பெண்ணை எதிர்கொள்பவர் அந்த நேரத்துப் பணியில் இருக்கும் செவிலியர்தான்.

அவர் செய்வதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வந்தவுடன் இரத்த அழுத்தம், நாடி, வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் குழந்தையின் தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம் என்று அறிதல், கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று பார்த்தல் ஆகியவை முதலில் நடக்கும். பிறகு வலியின் இடைவெளியைக் கைக்கடிகாரத்தோடு எண்ண வேண்டும். வலி அடங்கியவுடன் ஒரு முழு நிமிடம் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க வேண்டும். 110-க்கும் 160-க்கும் இடையே இருந்தால் நல்லது. வலி முற்றாத நிலையில் அரை மணிக்கு ஒரு முறையேனும், முக்கும் நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையும் இப்படிக் கேட்க வேண்டும். இவற்றையெல்லாம் பார்ட்டோகிராஃப் என்னும் வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனால், பிரசவம் தன் போக்கில் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்பதை அந்தக் கோடே காட்டிவிடும். கோடு தடம் மாறினால் உடனே மருத்துவரை அழைக்கவோ 108 வண்டிக்குச் சொல்லவோ வேண்டும்.

குழந்தை பிறந்ததும் ஒரே நேரத்தில் இரண்டு உயிர்கள் உங்கள் கண்ணில் இருக்க வேண்டும். தாய்க்கு ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி. குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்பில் போடுதல். அழாத குழந்தைக்கு முதல் நிமிடம் முடிவதற்குள் முகமூடிப் பை வழியாகக் காற்று. நன்றாக அழும் குழந்தையானால் ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுத்துத் தொப்புள் கொடியை வெட்டுதல். நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, வந்த பிறகு அதைத் தட்டில் விரித்து, துண்டு ஏதாவது உள்ளே தங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பேன். அவசரத்தில் பலர் விட்டுவிடும் வேலை இது. பின்னிரவில் இரத்தப்போக்கு வந்து ஓட வேண்டியிருப்பதற்கு இதை விட்டதும் ஒரு காரணம்.

கிராம சுகாதார செவிலியர் என்றால் ஊசி போடுகிற வேலைதானே?

சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அந்த மக்கள்தொகையில் யார் கருவுற்றிருக்கிறார், யாருக்கு இரத்தசோகை, எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்பதெல்லாம் கிராம சுகாதார செவிலியரின் பொறுப்பு. கர்ப்பத்தை அரசின் மகப்பேறு பதிவுத் தளமான பிக்மி இணையத்தில் பதிவு செய்து எண் பெற்றுத் தருவதும் அவரே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட உதவிக்கும் அந்தப் பதிவே அடிப்படை.

டெல்டாவில் இந்த வேலைக்குத் தனிச் சிக்கல்கள் இரண்டு உண்டு. சம்பா நடவு நேரத்தில் ஐந்து, ஆறு மாதக் கர்ப்பிணிகளும் சேற்றில் குனிந்து நிற்பார்கள். பரிசோதனை நாளில் வரச் சொன்னால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே நாங்கள் வரப்பில் வைத்தே விரல் நுனியில் இரத்தம் எடுத்திருக்கிறோம். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. 7, 8 என்று பார்த்த நாள்களும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வந்தால் போதாது, சாப்பிட்டாளா என்று மாமியாரிடமும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது. ஏழு மாதம் வரை பார்த்த செவிலியர் ஒருவர், பிரசவ நேரத்தில் பொறுப்பேற்பவர் வேறொருவர். இடையில் ஒரு மாதம் யார் கணக்கிலும் வராமல் போகும் பெண்கள் இருக்கிறார்கள். இரத்த அழுத்தம் ஏறுவதும் பெரும்பாலும் அந்தக் கடைசி மாதங்களில்தான். சீமந்தப் பத்திரிகை வைக்க வருகிறவர்களிடம் தாய்வீட்டு ஊரைக் கேட்டு, அந்தப் பகுதி செவிலியருக்கு அன்றே தொலைபேசியில் சொல்லிவிடுகிறவரைத்தான் நல்ல கிராம செவிலியர் என்று நான் சொல்வேன்.

அரசு வேலை கிடைக்குமா? சம்பளம் எப்படி?

2012-இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அரசு செவிலியர்களைத் தேர்ந்தெடுக்கிறது. தேர்வானவர்கள் பெரும்பாலும் முதலில் தொகுப்பூதியத்தில்தான் சேர்கிறார்கள். காலமுறை ஊதியத்துக்கு மாறச் சில ஆண்டுகள் காத்திருக்க நேரிடுகிறது. அந்தக் காத்திருப்பு நியாயமற்ற அளவுக்கு நீண்டுவிடுவது உண்மையான குறை. செவிலியர்கள் அதற்காகப் போராடியிருக்கிறார்கள். தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் அரசுச் சம்பளத்தைவிடக் குறைவாகவே இருக்கும். கடன் வாங்கிப் படிக்க வைப்பவர்கள், முதல் மாதச் சம்பளத்திலிருந்தே கடன் அடைந்துவிடும் என்று கணக்குப் போட வேண்டாம்.

ராத்திரி டூட்டி இருந்தால் மாப்பிள்ளை வீட்டில் யோசிப்பார்களே?

யோசிப்பார்கள், எனக்கும் அப்படித்தான் நடந்தது. பெண் பார்க்க வரும்போதே இரவுப் பணி உண்டு, தீபாவளி அன்றும் பணி வரும் என்று என் அப்பா சொல்லிவிட்டார். இரண்டு வரன்கள் தட்டிப்போயின. மூன்றாவதாக வந்தவர்தான், பின்னிரவில் பணி முடிந்தால் மழையிலும் சைக்கிளோடு வாசலில் நின்றவர். மறைத்துச் செய்த திருமணங்களில்தான் பிறகு வேலையை விடச் சொல்லும் பேச்சு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆண் பிள்ளைகள் படிக்கலாமா?

பட்டப் படிப்பில் சேரலாம். பாடத்திட்டத்தில் மகப்பேறும் உண்டு. நடைமுறையில் பிரசவ அறைப் பணி பெண்களுக்கே தரப்படுவதால், ஆண் செவிலியர்கள் தீவிர சிகிச்சை, அறுவை அரங்கு, அவசர சிகிச்சை ஆகிய பிரிவுகளுக்குப் போகிறார்கள்.

புயல், வெள்ளம் என்றால் என்ன செய்வீர்கள்?

ஐப்பசி, கார்த்திகையில் பேறு தேதி உள்ளவர்களின் பட்டியலைப் புரட்டாசியிலேயே எடுத்துவிட வேண்டும். புயல் எச்சரிக்கை வந்ததும், நாள் நெருங்கியவர்களை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்ப்பது நம் கடலோர மாவட்டங்களில் வழக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தபோது நான் பணியில் இருந்தேன். மின்சாரம் போய், தென்னை மரங்கள் சாலையெங்கும் விழுந்து கிடந்தன. ஒரு தாய்க்கு, பணிப்பெண் பிடித்திருந்த கைப்பேசி வெளிச்சத்தில் குழந்தை பிறந்தது. முன்பு சொன்ன நஞ்சைச் சரிபார்க்கும் வேலையை அன்றும் விடவில்லை. முந்தைய நாளே அவளைக் கூட்டி வந்திருந்ததால்தான் அந்த வெளிச்சமாவது கிடைத்தது.

தெரிந்தவர்கள் வீட்டிலேயே பிரசவம் பார்க்கக் கூப்பிட்டால் போகலாமா?

போகக் கூடாது. உங்களிடம் திறமை இருக்கலாம். 500 மில்லி லிட்டருக்கு மேல் இரத்தம் போகும் நேரத்தில் மருந்தும், குருதியும், வண்டியும் பக்கத்தில் இல்லாவிட்டால் மருத்துவச்சி காலத்து நிலைமைதான். 2018-இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் நடத்திய பிரசவத்தில் ஓர் இளம் தாய் உயிரிழந்ததை மறந்துவிட வேண்டாம்.

அப்படி அழைக்கிறவர்களைக் கடிந்துகொள்ளாமல், ஏன் மருத்துவமனைக்குப் பயப்படுகிறார்கள் என்று கேளுங்கள். வயிற்றைக் கிழித்துவிடுவார்கள் என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும். அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 45 பிரசவங்கள் அறுவை சிகிச்சையில் நடந்திருக்கின்றன. வலியில் கத்துகிறவளைத் திட்டாமல், பக்கத்தில் ஒரு துணையை இருக்கவிட்டு, எழுந்து நடக்கச் சொல்லி, பொறுமையாகக் காத்திருக்கும் செவிலியர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் அவர்கள் வருவார்கள்.

இப்படிப் பொறுமையாகப் பார்ப்பதற்கென்றே புதுப் படிப்பு வந்திருக்கிறதாமே?

2018 டிசம்பரில் மத்திய அரசு மகப்பேறு செவிலியர் சேவைக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதன்படி, பதிவு பெற்று அனுபவமும் உள்ள செவிலியர்கள் 18 மாதச் சிறப்புப் பயிற்சி பெற்று, மருத்துவமனைக்குள்ளேயே சிக்கலற்ற பிரசவங்களைத் தாங்களே பொறுப்பேற்று நடத்தும் பிரிவுகளில் பணியாற்றலாம். பிளஸ் 2 முடித்தவுடன் நேரடியாகச் சேரக்கூடியது அன்று. எனக்கு வயது இருந்திருந்தால் நான் முதல் ஆளாக விண்ணப்பித்திருப்பேன்.

வெளிநாட்டில் மிட்வைஃப் வேலைக்குப் போகலாமா?

செவிலியராகப் போகிறவர்கள் ஏராளம். பிரிட்டனில் மிட்வைஃப் என்பது தனிப் பதிவு உள்ள தனித் தொழில். இங்கே பெற்ற இரட்டைப் பதிவு அங்கே தானாகச் செல்லாது. வளைகுடா நாடுகளில் உரிமத் தேர்வு எழுத வேண்டும். குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செவிலியர்களை அரசு அங்கீகரித்த முகமைகள் வழியாகவே அனுப்ப வேண்டும்; தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அத்தகைய ஓர் அரசு நிறுவனம். முகவரிடம் லட்சக்கணக்கில் கொடுப்பதற்கு முன் அங்கே விசாரியுங்கள்.

ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று கேட்டுச் சொல்லச் சொல்லி உறவுக்காரர்களே வற்புறுத்தினால்?

1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். சொல்கிறவருக்கு முதல் முறையே மூன்றாண்டு வரை சிறை உண்டு, மருத்துவரானால் பதிவும் போகும். சித்தியோ அத்தையோ கேட்டாலும், "அது எங்களுக்கே சொல்லமாட்டார்கள்" என்று பேச்சை முடித்துவிடுங்கள். கேட்ட வீட்டின் கர்ப்பிணியை மட்டும் அடுத்த மாதங்களில் கூடுதலாகக் கவனியுங்கள்.

இதைவிடக் கடினமானது, 18 வயது நிறையாத பெண் கர்ப்பமாக வருவது. தாலி கட்டியிருந்தாலும், 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிக்கும் கடமை நமக்கு உண்டு. அதை மருத்துவ அலுவலர் வழியாகச் செய்ய வேண்டும். அதற்காகச் சிகிச்சையை ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. அவள் முன்னால் வயதைப் பற்றிக் கேலியாகவோ கோபமாகவோ பேசினால், அடுத்த முறை அந்தத் தெருவிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

தாயோ குழந்தையோ இறந்துவிட்டால் நர்ஸைத்தானே குற்றம் சொல்வார்கள்?

சொல்வார்கள். ஒவ்வொரு தாய் மரணமும் மாவட்ட அளவில் தணிக்கை செய்யப்படும். எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு யாருக்குத் தகவல் போனது, எந்த மருந்து எப்போது கொடுக்கப்பட்டது என்று கேட்பார்கள். பார்ட்டோகிராஃபையும் நோயாளி ஏட்டையும் அவ்வப்போதே எழுதியவருக்கு அந்தக் கூட்டத்தில் பேச ஆதாரம் இருக்கும். பிறகு நினைவிலிருந்து நிரப்பியவருக்கு, அவர் சரியாகவே செய்திருந்தாலும், எதுவும் இருக்காது.

என் பணிக்காலத்தில் ஒரு தாயை இழந்தேன். பிரசவம் முடிந்து முக்கால் மணி நேரத்தில் இரத்தப்போக்கு தொடங்கியது. வயிற்றைப் பிடித்துவிட்டோம், மருந்துகள் கொடுத்தோம், அதிர்ச்சியைத் தடுக்கும் இறுக்க உடையை மாட்டி வண்டியில் ஏற்றினோம். நான் கூடவே போனேன். வழியில் என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. தணிக்கையில் என் மீது குறை எதுவும் சொல்லப்படவில்லை. ஆனாலும் பல மாதங்கள் இரவுப் பணிக்குப் போகக் கால் வரவில்லை. எங்கள் வார்டு சிஸ்டரிடம் போய், நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் அவர் குறுக்கிடாமல் கேட்டார். மறுவாரம் என்னோடு இரவுப் பணிக்குத் தன் பெயரையும் போட்டுக்கொண்டு வந்து, விடியும் வரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.